கழிவு போக

ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
பில் எழுதுகிறவள் நான்.
கார்பன் தாள் பெட்டிக்குள் பிறந்ததால்
பூனைக்கு ரசீது என்று பெயர்.

ஆடி முழுக்கச் சொறிந்தது.
கழுத்து, வாலடி, மறுபடி கழுத்து.
ஒரு நாள் அது எழுந்துபோன சாக்கின்மேல்
காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று.
தட்டிவிடப் போனேன்.
பருக்கை நெளிந்தது.

அன்று கிரேட் நூற்றுப்பத்துக்குப் போனது.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்
கண்ணாடிக் கதவு போட்ட கடையில்
பிடரியில் விடும் சொட்டு மருந்து:
சுண்டுவிரல் நீளக் குப்பி, ஐந்நூற்று நாற்பது.
கேட்காமலே மனசு வகுத்துப் பார்த்தது.
ஏறக்குறைய ஐந்து கிரேட்.
காலையில் நல்லப்ப ரெட்டி இறக்கியதே ஆறு.
வாடகை, கூலி, கமிஷன் போக
இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு ரூபாயை
இரண்டு தரம் எண்ணி
டவுசர் பையில் வைத்ததைப் பார்த்தவள்
அந்தக் குப்பியை எப்படிக் கையில் எடுப்பது?

"நாய்க்குள்ளது இருக்குக்கா, பாதி விலை.
கொஞ்சமா விடுங்க, ஒண்ணும் ஆகாது."
வாங்கியும் விட்டிருப்பேன்.
அட்டையின் பின்னால், எறும்பெழுத்துக்கு நடுவே
ஒரு பூனைப் படம்,
அதன்மேல் சிவப்புக் கோடு.
திருப்பிக் கொடுத்தேன். கை நடுங்கியது.

மண்ணெண்ணெய் தடவு என்றான்
மூட்டை இறக்கும் சென்னப்பா.
வேப்பெண்ணெய் என்றாள் பைரம்மா.
உடம்பு முழுக்க நாக்கால் குளிக்கிற பிராணிக்கு
எல்லோரும் எதையாவது தடவச் சொல்கிறார்கள்.

கால்நடை ஆஸ்பத்திரியில்
எட்டு வெள்ளாடு, ஒரு ஜெர்சிக் கன்று,
அப்புறம் நான், கட்டைப்பைக்குள் ரசீது.
ஆட்டுக்காரர்கள் சிரிக்கவில்லை,
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.
டாக்டரம்மா கேட்டாள்: "எடை எவ்வளவு?"
தெரியாது.
"எடை தெரியாம மாத்திரை எழுத மாட்டேன்."

நாளெல்லாம் எடை எழுதுகிறவள் நான்.

ஏலம் முடிந்த பதினொரு மணிக்கு
காலி கிரேட்டில் ரசீதை வைத்து
மேலே இன்னொரு கிரேட்டைக் கவிழ்த்து
மின்தராசில் ஏற்றினோம்.
எண்கள் துள்ளின. அது கத்தியது.
நின்றபோது ஏழு கிலோ.
கிரேட் இரண்டுக்கும் மூன்று எண்ணூறு கழிக்க
மூன்று இருநூறு.
"கழிவு ஒரு கிலோ அடிக்கலையா?" என்றான் சென்னப்பா.
இந்த மண்டியில் கழிவில்லாமல் போட்ட எடை
எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மாத்திரை முப்பத்தைந்து ரூபாய்.
"தெள்ளை முழுங்கித்தான் இந்தப் புழு வருது.
புழுவுக்கு மட்டும் பார்த்தீங்கன்னா
அடுத்த மாசம் திரும்ப இங்கதான் நிப்பீங்க."
சொட்டு மருந்துக்கு வேறொரு பெயர் எழுதினாள்.
அதே சரக்கு, இருநூற்றுப்பத்து,
அட்டையில் சிரிக்கிற பூனை மட்டும் இல்லை.
சாக்கைக் கொதிநீரில் போடு என்றாள்.
பேன் சீப்பால் தினமும் வாரு என்றாள்.
வாரி விழும் கறுப்புத் தூளை
நனைத்த வெள்ளைத் தாளில் தட்டு.
சிவப்பாய்க் கரைந்தால் ரத்தம்,
தெள்ளு இன்னும் இருக்கிறது.

முதல் மாத்திரையை
தராசுக்குப் பின்னால் போய்த் துப்பியது.
துடைத்து, கருவாட்டுத் துண்டில் பொதிந்து
மறுபடி கொடுத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

பில் புத்தகத்தில் கெட்டுப்போன தாள்கள்தான்
என் சோதனைச்சாலை.
முதல் நாள் தாள் முழுக்கச் சிவந்தது.
பிறகு ஏழெட்டுப் புள்ளி.
பிறகு எண்ணவில்லை, ஆவணி முகூர்த்தம்,
கிரேட் முந்நூற்றைத் தாண்டிய வாரம்.

நேற்று மறுபடி வாரினேன்.
தாளின் ஓரத்தில் ஒரே ஒரு சிவப்பு.
சீப்பைக் கீழே வைத்தேன்.
அடுத்த குப்பிக்கு மனசு வகுக்கத் தொடங்கியது.
தாளை மூக்கருகே கொண்டுபோனேன்.

புளித்தது.
தக்காளி.