வெள்ளியன்று மாட்டிய வியாழன்

மணிலாவுக்குப் பறப்பதற்கு முந்தின இரவு
ரொடேல் அந்த டூ ஸ்ட்ரோக்கை எனக்கு விற்றான்.
தொண்ணூற்றேழாம் வருடத்து வண்டி. பேரம் பேச
இருவருக்குமே நேரமில்லை.
கூடவே ஒரு மாத்திரை டப்பா தந்தான்,
ஏழு கிழமைக்கும் ஏழு அறை.
உள்ளே மாத்திரை இல்லை, பித்தளை ஜெட்டுகள்.
திங்களில் நூற்று அறுபது,
செவ்வாயில் அறுபத்திரண்டு,
அப்படியே ஏறி ஏறி
ஞாயிறில் எழுபத்தைந்து.
இரண்டைச் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன்.
துளை ஒன்றுபோலத்தான் இருந்தது,
எனக்கு.
எஞ்சினுக்கு அப்படி இல்லை.

அவன் குறிப்பேட்டில் ஒரே வரி:
ஜனவரி, சனி.
அதாவது நூற்று எழுபத்திரண்டு.
நான் வாங்கியதோ ஜூனில்.

இப்ரி சனாயாவின் பின்வரிசை,
இருதயராஜின் பஞ்சர் கடை நிழல்.
வெந்து மெலிந்த காற்று
பெட்ரோலைக் குறை என்கிறது.
மணல் சக்கரத்தைக் கவ்விக்கொண்டு
கூட்டிக் கொடு என்கிறது.
நடுவில் நான்,
இரண்டு கட்சியிடமும் காசு வாங்கிவிட்ட வாக்காளன்,
கையில் ஸ்க்ரூடிரைவர்.

வெள்ளி போட்டேன். ஊசியை ஒரு படி ஏற்றினேன்.
மெதுவாக ஓட்டிக் கழற்றினால் பிளக் சுண்ணாம்பு.
ஞாயிறு போட்டேன்.
முறுக்கினால் விக்கல்,
சைலன்சர் வாயோரம் கறுப்பு எச்சில்.
அடியில் பசி, உச்சியில் அஜீரணம்.
ஒரே வயிற்றுக்கு இரண்டும் எப்படி?

"நீ கழட்டி மாட்டுன நேரத்துக்கு
லாரி லைசென்ஸே எடுத்திருக்கலாம்டா"
என்றான் இருதயராஜ்,
டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்
குமிழியைத் தேடியபடி.

ஐந்தாவது வாரம்தான் காதில் பட்டது.
ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும்
சத்தம் உடனே இறங்கவில்லை.
விடைபெற்றுச் செருப்பும் மாட்டிக்கொண்டு
இன்னும் வாசலில் பேசிக்கொண்டிருக்கும் விருந்தாளி போல
அங்கேயே நின்றது.

கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே
ஒரு ரப்பர் கழுத்து.
அதன் அடியில் கிளீனரைப் பீய்ச்சினேன்,
எஞ்சின் திடுக்கிட்டு ஏறியது.
விரலால் தடவினேன்.
நகம் நுழையுமளவு வெடிப்பு.

ஐந்து வாரமும் நான் அளந்தது பெட்ரோலை.
அளக்காத காற்று அந்த வழியே
வந்துகொண்டே இருந்திருக்கிறது,
எந்த எண்ணுக்கும் கணக்குக் காட்டாமல்.
இருதயராஜின் குமிழியைப் பார்த்துக்கொண்டே
உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

ரொடேல் மேல் கோபம் வந்தது.
ஜனவரியில் ரப்பர் முழுசாக இருந்திருக்கலாம்.
அல்லது வெடிப்பையும் சேர்த்துத்தான்
அவன் சனி என்று எழுதினானோ.
அவன் நம்பர் இருக்கிறது. கேட்கவில்லை.

புது ரப்பர் மஸ்கட்டிலிருந்து பஸ்ஸில் வந்தது,
ஆறு ரியால், பத்து நாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, இருட்டோடு போய்
வியாழனை எடுத்து மாட்டினேன்.
ஊசி மூன்றாம் படி,
காற்றுத் திருகு ஒன்றரைச் சுற்று.
மணல்மேட்டுக்கு முந்தின தட்டைத் தரையில்
நான்காம் கியர், முழு முறுக்கு,
அப்படியே கிளட்சைப் பிடித்துக் கொலையை அமுக்கினேன்.
கில் சுவிட்சுக்கு இருதயராஜ் வைத்த பெயர் அது.

சக்கரம் மட்டும் ஓடுகிற சத்தம்.
தூரத்தில் ஒரு ஒட்டகம்
மெல்லுவதை நிறுத்தியிருந்தது.

பிளக்கைத் துணியில் பிடித்துப் பார்த்தேன்.
பேரீச்சங்கொட்டையின் நிறம்,
சுற்றிலும் ஒரே சீராக.
இருதயராஜ் எட்டிப் பார்த்தான்.
"செட் ஆயிடுச்சா?"
"ஆறேகாலுக்கு ஆயிருக்கு."

ரொடேலின் வரிக்குக் கீழே எழுதினேன்:
ஆகஸ்ட், வியாழன்.
காலை ஆறேகால். முப்பத்தொரு டிகிரி.

எட்டரைக்குப்
புதன் அறையைத் திறந்தேன்.