வண்டியைக் கூட்டும்போது

"எந்த மாசம் வந்தா நல்லாருக்கும்?"
போனில் கேட்கிறார்கள்,
ஓசூரிலிருந்து, கரூரிலிருந்து,
ஒருமுறை ஊர் சொல்லாத ஒரு பெண்.
சீட்டுக்கடியில் துடைப்பத்தை விட்டபடி
பதில் சொல்கிறேன்.

பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டி.
தரை விரிப்பில் வரிவரியாகப் பள்ளம்.
பள்ளத்தில் கிடப்பதைப் பார்த்தே
மாசத்தைச் சொல்லிவிடுவேன்.

மார்கழி என்றால் சந்தனம்.
உத்தரகோசமங்கை மரகத நடராசர்
வருசத்தில் ஒருநாள் சந்தனம் களைந்து நிற்பார்.
வண்டியெல்லாம் ஊருக்கு வெளியே, மிளகாய்க் காட்டோரம்.
பதினாறு வருசமாக
மிளகாய்க் காட்டை நன்றாகத் தரிசித்திருக்கிறேன்.
இறங்கிப் போனவர்கள் திரும்பி வந்து
ஆளுக்கொரு பச்சை சொல்கிறார்கள்:
வாழைக்குருத்து, குளத்துப் பாசி, கண்ணாடி வளையல்.
ஒரு சிறுமி மட்டும் "கூட்டத்துல தெரியல" என்றாள்.
அவளை நம்புகிறேன்.

ஓரியூர் போய்வந்தால் சிவப்பு மணல்.
பொட்டலம் கட்டித்தான் எடுத்துவருகிறார்கள்.
ஓட்டையாகாத பொட்டலத்தை இன்னும் பார்க்கவில்லை.
ஏர்வாடிச் சந்தனக்கூடு முடிந்த மறுநாள்
சர்க்கரை. அதன் பின்னாலேயே எறும்பு,
தொண்டி வரைக்கும் டிக்கெட் இல்லாமல் வரும்.

தை பிறந்தால்
கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கழியில் பூநாரை.
ஒற்றைக்காலில் நிற்கும். காசு கேட்காது.
அதற்கு மட்டும் தரையில் அடையாளமே இல்லை.
கூட்டுவதற்கு ஒன்றும் விடாமல் போகிற ஒரே திருவிழா.

சித்திரையில் வராதீர்கள் என்று சொல்லவேண்டும்.
சொல்வதில்லை, வண்டிக்குத் தவணை இருக்கிறது.
தடைக்காலம். விசைப்படகுகள் கரையோடு கிடக்கும்.
ஐஸிலிருந்து எடுத்த மீனை
"இப்பத்தான் வந்துச்சு" என்பான் தஸ்நேவிஸ்.
நான் பாம்பன் பாலத்தைப் பார்ப்பேன்.
படகுக்குப் பெயின்ட் அடிப்பதையும் படமெடுக்கிறார்கள்.
அடிக்கிறவன் வயிற்றை எக்கிக்கொள்கிறான்.

ஆடி அமாவாசைக்குத் தரையெல்லாம் ஈரம்,
எள், தர்ப்பை.
தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கல்.
இது பெண் கடல், அலையடிக்காது என்று ஆரம்பிப்பேன்.
கேட்கிற நிலையில் யாரும் இருப்பதில்லை.

போன ஆடியில் கடைசி சீட்டுக்கடியில் ஒரு சட்டை.
நனையாதது. மடித்தது. நீலக் கோடு.
பையில் பொள்ளாச்சி பஸ் டிக்கெட், எழுத்து போய்விட்டது.
"சார், சட்டைய விட்டுட்டுப் போயிட்டீங்க."
அந்தப் பக்கம் மிக்சி ஓடி நின்றது.
"அப்பாவோடது. தண்ணியில விடத்தான் கொண்டுவந்தேன்."
"கூரியர்ல அனுப்பட்டுமா?"
"வேணாம்."
"அப்ப நானே போய் விட்டுடவா?"
"அதுவும் வேணாங்க."

ஒரு வேணாமுக்கும் இன்னொரு வேணாமுக்கும் நடுவே
என் வண்டிதான் இருந்தது.
டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மாட்டிவைத்தேன்.
கண்ணாடிப் படகுத் துறையில் மழைக்குக் காத்திருந்தது.
பாலத்து வளைவில் எல்லாரோடும் சாய்ந்தது.
அரிச்சல்முனையில் கதவைத் திறந்தால்
காற்று இரண்டு கைக்குள்ளும் புகுந்து கிளப்பும்.
ஒரு கையால் பிடித்துக்கொண்டு
இன்னொரு கையால்
இலங்கை எந்தப் பக்கம் என்று காட்டுவேன்.

இந்த மார்கழியில்
சட்டையை எடுத்து என் சீட்டின் முதுகில் போட்டேன்.
தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் குனிந்திருப்பது போல.
மிளகாய்க் காட்டைத் தாண்டி நடந்தேன்.
இரண்டரை மணி நேரம் வரிசை.
ஒருவர் முழங்கை, ஒருவர் தேங்காய்ப் பை,
அப்புறம் பச்சையாக ஏதோ.
ஒரு நொடி.
முன்னால் நின்றவரின் துண்டாகவும் இருக்கலாம்.

திரும்பி வந்தால் கண்ணாடியில் அபராதச் சீட்டு.
வண்டியை எடுக்கச் சொல்லி
சட்டையிடம் கேட்டுப் பார்த்திருப்பார்கள்.

மறுநாள் கூட்டும்போது
பிரேக்குக்கடியில் சந்தனம்,
காய்ந்து, என் செருப்பில் பாதி அளவுக்கு.
போன் அடித்தது. ஓசூர்க்காரர்.
மாசம் இன்னும் சொல்லவில்லையாம்.