எந்தப் பக்கம்

பிராண்டன், மனிட்டோபா. ஜனவரி.
பூச்சியத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.
ஓரெஸ்டின் முன்கதவில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி
நடுவில் விசிறியை மாட்டுகிறேன்.
வீட்டின் மூச்சை அது உறிஞ்சி வெளியே துப்பும்.
ஓட்டை எங்கே என்று பிறகு வீடே சொல்லும்.

கம்பெனி தந்த புகைக்குச்சி தீர்ந்துவிட்டது.
பையில் கிடந்த ஊதுபத்தியைக் கொளுத்தி
சுவரோரம் நடக்கிறேன்.
"பூசையா?" என்கிறார் ஓரெஸ்ட்.
பிளக் குழியருகே
நேராக ஏறிய புகை
சட்டென்று என் முகத்துக்கே திரும்புகிறது.
பூசை இல்லை ஐயா. உங்கள் கேஸ் பில்.

ஒரு பலகையைக் கழற்றினோம்.
உள்ளே மரத்தூள்,
இடுப்பளவுக்கு இறங்கி இறுகியிருந்தது.
அதற்கு மேல் ஓர் எலிக்கூடும் வெறும் குளிரும்.
கட்டியவன் கூரைவரை நிரப்பித்தான் இருப்பான்.
தொண்ணூறு வருஷம்
தானிய லாரி ஒவ்வொன்றும் கடக்கையில்
ஒரு மயிரிழை கீழே.

அவருக்குச் செங்கல் வேண்டுமாம்.
செங்கல் மழை தாங்கும், தீ தாங்கும், பேரன்களைத் தாங்கும்.
சூட்டை அதனிடம் கொடுப்பது மட்டும்
ஓட்டைவாயனிடம் ரகசியம் சொல்வது.
நான் விற்பது காற்று என்றேன்.
அரைத்த செய்தித்தாளின் இடுக்குகளில்
நகரவிடாமல் பிடித்துவைத்த காற்று.
காற்றுக்கா இவ்வளவு விலை என்றார்.

அப்போதுதான் டார்வினிலிருந்து சுபோதினி.
தூண்மேல் நிற்கும் தகர வீடு அவளுடையது,
ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் போகும்.
போன வருஷம் ஓர் அறைக்கு ஏசி வைத்தாள்.
சுவருக்கு என்ன செய்ய என்று கேட்டாள்.
பிளாஸ்டிக் தாளை உள்பக்கம் ஒட்டு என்றேன்,
இங்கே நாளுக்குப் பத்துத் தடவை சொல்வதுபோல, யோசிக்காமல்.

படம் அனுப்பியிருக்கிறாள்.
வெள்ளைச் சுவரில் கறுப்புப் பூஞ்சை,
தாளின் பின்னால் தண்ணீர்.
'நீ சொன்னபடிதான் அக்கா.'
வெளியிலிருந்து வந்த புழுக்கம்
குளிர்ந்த தாளில் முட்டி அழுதிருக்கிறது.

ஓரெஸ்ட் தாள்சுருளோடு நிற்கிறார்.
"உள்ளேயா, வெளியேயா?"
பதினாறு வருஷமாக வாயிலேயே இருக்கும் பதில்.
வெளியே போனேன்.
கையுறையைக் கழற்றிச் சுவரைத் தொட்டேன்.
தோல் ஒட்டிக்கொண்டது.
பிய்த்துக்கொண்டு உள்ளே வந்து
அதே சுவரின் இந்தப் பக்கத்தையும் தொட்டேன்.

"சூடு இருக்கிற பக்கம்," என்றேன்.
"இங்கே, உள்ளே."
அவர் ஸ்டேப்பிளரை எடுத்தார்.
சுபோதினிக்கு எழுத ஆரம்பித்தேன்,
விரல் இன்னும் மரத்திருந்தது:
முதலில் அதைக் கிழித்துவிடு.