நாற்பத்து மூன்றோ நாற்பத்தெட்டோ

தடிக்காரன்கோணம் தாண்டியதும் போன் செத்தது.
கீரிப்பாறை செக்போஸ்டில் பெயர் எழுதும்போது
பேனாவும்.
மாறாமலைக்கு ஜீப் ஏறுகையில் மிச்சமிருந்தவை
ஒரு சங்கிலி, மடிப்பில் கிழிந்த வரைபடம்,
நீதிமன்றம் தந்த அறுபது நாள்.

கிராம்புத் தோட்டம் எங்கே முடிகிறது
காடு எங்கே தொடங்குகிறது,
கேள்வி அவ்வளவுதான்.
வழக்குக்கு வயது முப்பத்தொன்று.
எனக்கு அதைவிட நான்கு கூட.

இரண்டு நாள் மழை லயத்து வீட்டில் உட்கார்த்தி வைத்தது.
மூன்றாம் நாள் ஓடைக்கரை பிடித்து ஏறினோம்:
சங்கிலி பிடிக்கும் லூக்காஸ்,
கார்டு பெனடிக்ட்,
வழி தெரிந்த மல்லன் காணி,
கணக்கில் வராத அட்டைகள்.
மரங்கள் மேலே அப்படி நெருக்கியதில்
கருவிக்கு ஒரு செயற்கைக்கோளும் சிக்கவில்லை.
பகல் பதினொரு மணி
வெண்கலப் பானையின் உட்புறம் போல இருந்தது.

கல்லை முதலில் கண்டது லூக்காஸின் முட்டு.
"எளவு" என்று உட்கார்ந்தவன்
"சாரே, கல்லு இஞ்ச கெடக்கு" என்றான்.
கல் தெரியவில்லை.
இலைகள்தான் தெரிந்தன.

காம்பு நடுவில் இல்லை.
இடப்பக்கம் விரிந்து வலப்பக்கம் ஒடுங்கி
அண்ணன் தம்பி பாகம் பிரித்த மாதிரி.
இப்படிப் பிரிந்த மனைகள் எத்தனையோ அளந்திருக்கிறேன்,
எல்லாவற்றிலும் ஒரு கேஸ்,
ஒன்றில் ஒரு வெட்டு.
இது மேலே பச்சை, புரட்டினால் சிவப்பு.
புகார் எதுவும் இல்லை.

"பெகோனியா" என்றார் பெனடிக்ட்.
"ஊட்டியில தொட்டியில வச்சு விப்பாவ.
இது சும்ம கெடக்கிய சாதி."
மல்லன் காணி இலையோடு ஒன்றை ஒடித்து
காம்பைப் பாதி மென்று
மீதியை என்னிடம் நீட்டினார்.
புளிப்பு.
புளிப்புக்குப் பின்னால் நனைந்த கல்லின் வாசனை.
இலையைத் துப்புவதற்கு இடமில்லாதவன் போல
அளவுப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தேன்.

மட்டநிலத்தண்டு என்று பள்ளியில் படித்தது.
மட்டம் பார்ப்பதே என் பிழைப்பு,
அது எங்கும் மட்டமாய் இல்லை.
தோட்டத்துப் பக்கம் வேர் பிடித்து
விரல் தடிமனில், கணுக் கணுவாய்
கல்லின் தலையில் ஏறி
காட்டுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.
அல்லது காட்டிலிருந்து இந்தப் பக்கம்.
இரண்டு முனையிலும் தளிர்.

எண் அதற்கு அடியில்.
நாற்பத்து மூன்று என்றால் எல்லை ஓடையோடு போகும்.
நாற்பத்தெட்டு என்றால் ஓடை தாண்டும்,
பதினாறு ஏக்கர் கிராம்பு காட்டுக்கு.
லூக்காஸ் வெட்டுக்கத்தியை எடுத்துவிட்டான்.
"சொரண்டட்டா சாரே?"

பூவும் இருந்தது அப்போது,
ஒரே தண்டில் ஆண் தனி, பெண் தனி.
பெண்ணின் முதுகில் மூன்று சிறகு,
மூன்றும் ஒரே அளவில்லை.
அதற்காக என்று சொல்ல மாட்டேன்.
"நில்லு" என்றேன், அவ்வளவுதான்.
மண்டியிட்டு, கண்ணை மூடி
இலைகளுக்கு அடியில் விரலை நுழைத்தேன்.

நாலு கிடைத்தது.
அடுத்தது வளைந்தது. மறுபடி வளைந்தது.
இடப்பக்கம் திறந்ததா மூடியதா
என்கிற இடத்தில் தண்டு கிடந்தது.
எழுத்து வெட்டிய பள்ளத்தில்
வேர் இறங்கி நிரம்பியிருந்தது.

பென்சிலால் இரண்டையும் எழுதினேன்.
லூக்காஸ் கத்தியை உறையில் போடாமல்
செக்போஸ்ட் வரை கையிலேயே வைத்திருந்தான்.

ஐம்பத்தேழாம் நாள் நாகர்கோவில் ஆபீசில்
சுத்தப் பிரதி எழுத உறையைப் பிரித்தபோது
அழுகிய இலையின் நரம்பு ஒடிந்த இடத்தில்
வெள்ளையாய் நாலைந்து நூல்,
சீரகம் அளவில் ஒரு இலை.
அதிலும் ஒரு பக்கம் பெரிது.

குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
எண் வாசிக்க இயலவில்லை. கல்லின் மேல் செடி.
மேலதிகாரி கடைசி மூன்று சொற்களை அடித்துவிட்டு
தேய்மானம் என்று எழுதி
கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாய்தா ஜனவரியில்.
செடி, கழிவறைப் பக்கத்து ஜன்னலில்
உடைந்த டீ கிளாசில், குழாய் சொட்டும் இடத்தில்.
லூக்காஸ் தினமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான்,
பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.