நாட்காட்டியின் பின்பக்கம்

சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம், மாசி மகம்
என்று முன்பக்கம் அச்சாகியிருக்கிறது.
அது நட்சத்திரங்களின் கணக்கு.
கிழித்த தாளின் பின்பக்கம்
நான் வேறு பெயர் எழுதுகிறேன்,
பாசி எடை குறிக்கும் துண்டுப் பென்சிலால்.

பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்,
அமாவாசையை ஒட்டி ஆறு நாள்,
இடுப்புத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும்.
மாயாகுளத்துப் பெண்களுக்கு
மாதத்தில் அவ்வளவுதான் கடல்.
அட்டமி நவமியில் தண்ணீர்
சேற்றில் படுத்த எருமை, நகராது.
அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைப்போம்,
குழுக்கடன் கட்டப் போவோம்.

தை மாதத்துக்கு: அடி தெரியும் நிலா.
பாறையில் மரிக்கொழுந்துப் பாசி
எண்ணிவிடலாம்போல நிற்கும்.
விரலில் சுற்றிய துணி நனையுமுன்
சாக்கு பாதி நிறையும்.

மாசிக்கு ஏதோ நல்ல பெயர் வைத்திருந்தேன்.
அந்தத் தாளில் மகன் கருவாடு மடித்துப் போய்விட்டான்.

பங்குனி, சொறிமீன் நிலா.
நம்புதாயின் தொடையில் சவுக்கடிபோல் மூன்று கோடு.
நாலாம் நாள் காய்ச்சலோடு வந்து
"அதுக்கும் இதுதானே வீடு" என்று
கண்ணாடியை மாட்டிக்கொண்டு முங்கினாள்.

சித்திரையில் இறங்குவதில்லை.
தடைக்காலத்து விசைப்படகுகள்
கரையோரம் முட்டிக்கொண்டு கிடக்கும்போது
நாங்களும் கையைக் கட்டிக்கொள்கிறோம்.
ஒரு வருஷம் ஆசைப்பட்டு
அடியோடு பிடுங்கினவள் நான்தான்.
மறு வருஷம் அதே பாறை
மொட்டைத் தலையாக என் கையில் தட்டியது.
அதனால் அதன் பெயர்: விட்டுவைக்கும் நிலா.

ஆனியும் ஆடியும் கச்சான் காற்று.
பெயர் வைக்க நேரமில்லை,
கூரைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஆவணியில் கட்டக்கோரை. சுமை அதிகம், விலை குறைவு.
செய்யது நயினா பேரேட்டில் பிறைக்கணக்கு:
"பதினாலாம் பிறை, ஈரம் கழித்து நாற்பத்திரண்டு கிலோ."
ஈரத்தோடு சேர்த்து
அடக்கிய மூச்சையும் கழித்துவிடுகிறார்.

என் வீட்டுக்காரர் உமையணனுக்கு
எந்த நிலாவும் ஆகாது.
வெளிச்சத்தில் மீன் வலையைப் பார்த்துவிடும்.
இருட்டுதான் அவருக்கு வரவு.
வளர்பிறை முற்ற முற்ற முகம் தேயும்.
"வந்துட்டா உன் நிலா" என்பார்,
என் தாய்வீட்டுச் சீர் வந்து இறங்கியதுபோல.
பௌர்ணமிக்கு நான் கடலில், அவர் அடுப்படியில்.
அமாவாசைக்கு இரண்டு பேரும் கடலில்,
வீட்டில் நாய் மட்டும்.

கார்த்திகையில் ஒரே மூட்டம்.
ஏற்றிய விளக்கைத் தூறல் அணைத்தது.
நிலா வந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.
விடியலில் போய்ப் பார்த்தால்
தண்ணீர் சொன்ன நேரத்துக்கு இறங்கியிருந்தது.
பாறையெல்லாம் வெளியே.
முகம் காட்டாமலும் வேலைக்கு வரலாம்போல.
அதற்குப் பெயர் எழுதவில்லை.
எழுதினால் சின்னதாகிவிடும் என்று பட்டது.

மார்கழியில் விரல் விறைத்துத் திரும்பினேன்.
ஓரா மீன் முள் ஏறிய கட்டைவிரல்
தீயாய்க் கடுத்தது.
சுடுதண்ணீர் தயாராக இருந்தது,
பக்கத்தில் மூடிவைத்த சட்டி.
அன்றைய தாளின் பின்பக்கம்
அவர் கையெழுத்து, கோணல்மாணலாக:
"மீன் இல்லாத புளிக்குழம்பு."

எனக்கு விட்டுச்சென்ற சேதிதான் அது.
ஆனாலும் அழிக்கவில்லை.
மார்கழி நிலாவுக்கு
இந்த வருஷம் அதுதான் பெயர்.