இரண்டு பத்திக் கணக்கு

இடது பத்தியில் சாப்பிட்டது.
வலது பத்தியில் உதிர்ந்தது.
திங்கள்: சாளை ஆறு, முட்டை ஒன்று, கேழ்வரகு.
தலையணையில் நாற்பத்தொன்று.

புழுவெட்டு என்றாள் நாத்தனார்.
சின்ன உள்ளி நறுக்கித் தேய்த்தாள்.
எரிந்தது, அவ்வளவுதான்.

நாகர்கோவில் டாக்டரம்மா சொன்னது வேறு:
காவலுக்கு வைத்த நாயே
வீட்டுக்காரியைக் கடிக்கிறது.
ஊசி போட்டார். இரத்தத்தில் இரும்பு பார்த்தார், குறைவு.
"சாப்பாடு துணைக்கு வரும்,
ஜாமீன் நிற்காது."

குளச்சலில் கூடைமேல் நான் குனிய
பெல்சிட்டா உச்சியைப் பார்த்துவிட்டாள்,
ஐந்து ரூபாய் வட்டம்.
ஒன்றும் கேட்கவில்லை.
எண்ணி முடித்த சாளையோடு
இன்னும் இரண்டைப் போட்டாள்.

ஆனியில் கடலைப் பூட்டினார்கள், தடைக்காலம்.
ஆடியில் முருங்கையிலை கைக்கும்;
கைக்கக் கைக்கத் தின்றேன்.
பாலை விட்டேன், கோதுமையை விட்டேன்,
யாரோ சொன்னார்கள் என்று.
மரச்சீனியை மட்டும் விடவில்லை.
புளிக்குழம்பு ஊற்றிய மரச்சீனி இல்லாமல்
முடி இருந்தென்ன?

ஓணத்துக்கு முந்தின நாள்
வட்டத்தின் நடுவே வெள்ளையாய் இரண்டு.
தேங்காய்த் துருவல் என்று தட்டிவிட்டேன்.
போகவில்லை.

எந்த மீனுக்கு நன்றி சொல்ல?
ஊசிக்கா, இலைக்கா,
சும்மா கடந்துபோன நாளுக்கா?
இடக்காதின் மேலே
இன்னொரு நாணயம் தொடங்கியிருக்கிறது,
ஐம்பது பைசா அளவில்.

செவ்வாய்: சாளை எட்டு.
வலது பத்தியை
இன்று எண்ணவில்லை.