இரண்டு மணிக் காற்று

பல்கலைக்கழகக் கையேட்டின் அட்டையில்
எங்கள் ஏரி இருக்கிறது.
பின்னால் ஜெராய் மலை,
அதன் தலையில் பிழிய மறந்த துண்டாக ஒரு மேகம்.
கரையோரம் மூன்று பேர் சிரித்தபடி நடக்கிறார்கள்.
இந்த மூவரையும் வளாகத்தில்
இதுவரை யாரும் பார்த்ததில்லை.

அட்டையில் வராதவை:
சன்னல் திறந்திருந்தால் மேகி பொட்டலத்தோடு
குறிப்பேட்டையும் தூக்கிப்போகும் குரங்குகள்,
தேர்வு மண்டபத்துப் படியில்
எங்களுக்கு முன்பே வந்து படுத்திருக்கும் உடும்பு,
மாலை நாலு மணி மழை,
அதில் நனைந்த காலணி காயாத மூன்று நாள்,
கடன் பணம் வரும்வரை
ஒரே ரொட்டி சானாயைப் பிய்த்து
இரண்டு வேளையாக்கும் கணக்கு.

பிறகு, அந்த வாடை.

இரவு இரண்டு மணிக்குக் காற்று திரும்பும்.
குருண் பட்டணத்துப் பக்கமிருந்து
செம்பனை வரிசைகளுக்குள் நுழைந்து
வேலி தாண்டி, நாலு மாடி ஏறி,
படித்துக்கொண்டிருப்பவர் மூக்கைப் பிடித்து உலுக்கும்.
"செத்த எலியா?" என்றாள் இஸ்ஸாத்தி, முதல் வாரத்தில்.
மாச்சாங்கிலிருந்து வந்தவள்,
புத்தகத்தை விரித்து முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள்.
"குப்பை லோரியா இருக்கும்" என்றாள் ஹுய் ஷான்.
இருக்கலாம் என்றேன் நான்.

எனக்குத் தெரியும்.
ஒட்டுப்பால்.
கோப்பையிலேயே உறைந்து, மூட்டையில் புளித்து,
லோரியில் சொட்டச் சொட்ட வந்து
கித்தா ஆலையின் வாயில் விழுவது.
அப்பாவின் சட்டைக்கென்று
அம்மா தனி வாளி வைத்திருக்கிறாள்.
வளாகத்திலிருந்து எங்கள் வீடு
மோட்டாரில் பதினொரு நிமிடம்.
விடுதியில் நான் பக்கத்து ஊர்க்காரி.
எந்தப் பக்கம் என்று சொன்னதில்லை.

மூன்றாம் பருவத்தில் ஏரியில் மீன் செத்தது.
விடிகாலை, வெள்ளை வயிறுகள்,
நூற்றுக்கு மேல் திலாப்பியா.
புதுக் கையேட்டுக்குப் படமெடுக்க ஆள் வரும் வாரம் வேறு.
கண்டுபிடியுங்கள் என்றார் டாக்டர் ரொஸ்லினா.
வெள்ளைப் பலகையில் முதல் ஊகத்தை
இஸ்ஸாத்திதான் எழுதினாள்: கித்தா ஆலை.
அதன் கீழ் இரண்டு கோடு.
முப்பது பேர் தலையாட்டினார்கள்.
மற்றவர்களை எண்ணினேன்,
நான் ஆட்டினேனா என்று நினைவில்லை.

பத்து நாள் குப்பி குப்பியாக மொண்டோம்.
அட்டை கடித்தது.
ஹுய் ஷான் ஒரு காலணியைச் சேற்றுக்குக் கொடுத்தாள்.
ஆலைக் கால்வாயோடு நானே நடந்து பார்த்தேன்;
அது மேட்டைச் சுற்றி எதிர்ப்பக்கம் ஓடுகிறது,
எங்கள் ஏரியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.
உயிர்வளி குறைந்துகொண்டே போன பாதை
எண் எண்ணாக எங்களை இழுத்துச் சென்று நிறுத்திய இடம்
நாங்கள் தினம் பசியாறும் கேண்டீன்.
அதன் பின்புறக் குழாய்.
சோற்றுக் கஞ்சி, மீ கோரெங் எண்ணெய்,
அடியில் சீனியோடு நான் விட்டு வந்த தே தாரிக்.

'காற்று அங்கிருந்து கெடுகிறது,
தண்ணீர் நம்மால் கெடுகிறது' என்று
அறிக்கையை முடித்திருந்தேன்.
டாக்டர் ரொஸ்லினா முதல் வரியைச் சிவப்பில் அடித்து
ஓரத்தில் எழுதினார்: ஆதாரம் எங்கே?

அன்றிரவும் இரண்டு மணி.
இஸ்ஸாத்தி சன்னலை மூட எழுந்தாள்.
விடு, என்றேன்.
அது எங்கப்பா.

சொன்ன விதம் தப்பு. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.
பிறகு ஒழுங்காகச் சொன்னேன்:
இரவு ஷிஃப்ட், மூட்டை பிரிக்கும் வேலை,
பேர் சன்னாசி. என் மாணவர் அட்டையில்
என் பெயருக்குப் பின்னால் நீ தினமும் பார்ப்பது.

அவள் கை கொண்டியிலேயே நின்றது.
இருட்டில் மலை இல்லை.
ஏரியில் ஒரு விளக்கு மட்டும் நீளமாகக் கிடந்தது.
"இந்நேரம் சாப்பிட்டிருப்பாரா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை.
பதினொரு நிமிடத் தூரம்.
மூன்று பருவமாக நான் அதைக் கேட்டதில்லை.